தீனா ஆர்ட்ஸ் வரைந்த தாரிகா

நடிகை தாரிகாவின் இடது கண்ணை முடித்துவிட்டு வலது கண்ணுக்கு நகரும்போதுதான் டீச்சர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"தீனதயாளன், இந்த பிரஷ் எதுல செஞ்சது?"

தீனதயாளன் ஏணியின் நான்காவது படியில் நின்றிருந்தார். பிரஷ்ஷைத் திருப்பிப் பார்த்தார். கட்டையில் ஆறாம் நம்பர் என்று போட்டிருந்தது. ஆறாம் நம்பர் பிரஷ்ஷுங்க, மெட்ராஸிலிருந்து வாங்கி வந்தது என்றார்.

"நம்பரைக் கேக்கலை. முடி எதோட முடி?"

இருபது வருடமாகக் கள்ளக்குறிச்சியில் கடைப் பெயர்களும் லாரி நம்பர்களும் எழுதிவருகிற மனிதருக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றியதே இல்லை. பிரஷ்ஷின் முடி பிரஷ்ஷுடையது என்றே நினைத்திருந்தார்.

பட்டறை வாசலில் விற்காமல் மிஞ்சிய கடுக்காய் மூட்டையின் மேல் உட்கார்ந்து, கரியாலூர் போகும் சாயங்கால பஸ்ஸுக்குக் காத்திருந்த சடையன் கையை நீட்டினார். மலையிலிருந்து சரக்கு கொண்டுவரும்போதெல்லாம் அந்த நிழலில் உட்காருவது அவர் வழக்கம். பிரஷ்ஷை வாங்கி, முடியை இரண்டு விரல்களுக்கு நடுவே உருட்டி, ஒரு தரம் மோந்து பார்த்தார்.

"கீரிங்க. எங்க மலையில புடிச்சதாக்கூட இருக்கும்."

வெளியூரில் சொந்தக்காரனைக் கண்டவர்போல அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். டீச்சரின் முகத்தில் அது இல்லை.

செந்தமிழ்ச்செல்வி டீச்சர் பெண்கள் பள்ளியில் விலங்கியல் நடத்துபவர். மெட்ராஸில் பிராணிகளுக்காக ஒரு சங்கம் இருந்தது. வெளிநாட்டில் நரிகளைக் கூண்டில் வளர்த்துத் தோலை உரித்துக் கோட்டு தைக்கிறார்கள், அந்தக் கோட்டை நாம் யாரும் போடக்கூடாது என்று தாரிகா அந்தச் சங்கத்துக்காக ஊர் ஊராகப் பேசிவந்தார். அதைப் பத்திரிகையில் படித்துவிட்டு டீச்சர் ஒரு கடிதம் போட்டார். எங்கள் ஊர் வெயிலில் சட்டை போடுவதே சிரமம், கோட்டைப் பற்றி இங்கே கவலையில்லை. ஆனால் கல்வராயன் மலையில் முடிக்காகக் கீரிகளைக் கண்ணி வைத்துப் பிடிக்கிறார்கள், அதற்கு வந்து பேசுவீர்களா என்று கேட்டார். வருகிறேன் என்று பதில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, சந்தைத் திடலில் கூட்டம்.

அதற்காகத்தான் இந்தப் பலகை. பத்தடி உயரம். தாரிகா கையில் ஒரு கீரியை ஏந்திக்கொண்டு சிரிக்க வேண்டும். கீழே, "முடிக்காக ஓர் உயிரா?"

அந்த வரியின் முதல் மூன்று எழுத்துகளைத் தீனதயாளன் கீரி முடியால் எழுதி முடித்திருந்தார்.

டீச்சர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது. ஒரு கீரியின் உடம்பிலிருந்து ஒரு சிட்டிகை நல்ல முடிதான் தேறும், ஒரு கட்டு பிரஷ்ஷுக்கு எத்தனை உயிர் போயிருக்கும் என்று வகுப்பில் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். தீனதயாளன் டப்பாவில் நின்ற பதினோரு பிரஷ்களைப் பார்த்தார். இத்தனை நாள் பிழைப்பு நடத்திய பொருள்கள் பதினோரு வால்களாகத் தெரிந்தன.

"மொத்தத்தையும் அழிச்சிட்டு மறுபடி போடுங்க," என்றார் டீச்சர். "கீரி முடி படக்கூடாது."

தீனதயாளன் சரியென்று தலையாட்டினார். அந்த வேலையை விட அவருக்கு மனமில்லை. காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஓர் அரிசி மில்காரர், இறந்துபோன தன் அப்பாவின் முகத்தைப் பெரிதாக வரையச் சொன்னார். திறப்பு விழாவில் துணியை விலக்கியதும் அவருடைய அம்மாவே, யாருடா இந்த ஆளு என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து தீனா ஆர்ட்ஸ் என்றால் எழுத்துக்கு மட்டும் என்று ஊரில் ஆகிவிட்டது. முகம் வேண்டுமென்றால் விழுப்புரம் போனார்கள். பள்ளிக்கூடத்துக்கு அவர் வரைந்து கொடுத்த இதயப் படம் நன்றாக இருந்ததென்று டீச்சர் ஒருத்தர்தான் நம்பி வந்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு கிடைத்த முதல் முகம் இது.

மறுநாள் காலை மெட்ராஸ் பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டால் சனிக்கிழமைக்குள் நைலான் பிரஷ் வந்துவிடும் என்று கணக்குப் போட்டார். மறுநாள் காலை பஸ்ஸே இல்லை.

இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மறியல் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. வெள்ளிக்கிழமை விடிந்தபோது உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி வரை சாலையில் மரங்கள் கிடந்தன. மலைக்குப் போகும் பஸ் முந்தின நாள் சாயங்காலமே வராமல் நின்றுவிட்டிருந்தது. சடையன் கடுக்காயை விற்று முடித்த பிறகும் அதே நிழலில் உட்கார்ந்திருந்தார். தீனதயாளனின் மனைவி செவ்வந்தி அவருக்கும் சேர்த்து உலை வைத்தாள்.

மறியலுக்கு இந்தப் பக்கத்துப் பொறுப்பு ராஜாங்கம். செவ்வந்தியின் தம்பி. சுவரெழுத்துக்கு வேண்டுமென்று வியாழக்கிழமையே மாமாவின் பட்டறையிலிருந்து வெள்ளை பெயின்ட் டப்பாக்களைத் தூக்கிப் போயிருந்தான். அடியில் அரை டப்பா மட்டும் மீதியிருந்தது.

அதைக் கவனிக்காமல் தீனதயாளன் டர்பன்டைனைத் துணியில் நனைத்துத் தாரிகாவின் இடது கண்ணைத் துடைத்தார். கண் போகவில்லை. கன்னத்தில் இறங்கி, மோவாய் வரைக்கும் வழிந்தது. அழுத்தித் துடைத்தார். அடிப்பூச்சும் சேர்ந்து வந்துவிட்டது. மதியத்துக்குள் நடிகை இருந்த இடத்தில் பிளைவுட் பலகை இருந்தது.

வெள்ளை இல்லாமல் சிவந்த தோலுக்கு எங்கே போவது? இருந்ததெல்லாம் காவி, மஞ்சள், கறுப்பு. அரை டப்பா வெள்ளையைப் பல்லுக்கும் கண்ணுக்கும் ஒதுக்கிவைத்தார். மிச்ச முகத்தைக் காவியும் மஞ்சளும் கலந்து கந்தல் துணியாலும் விரலாலும் தேய்த்துப் போட்டார். அவர் பார்த்து வரைந்த காலண்டரில் தாரிகா கோதுமை நிறத்தில் இருந்தார். பலகையில் வெயிலில் களை எடுத்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

கன்னம், நெற்றி வரைக்கும் விரல் போதுமானதாக இருந்தது. மூக்குக்கும் உதட்டுக்கும் விரல் தடிமன். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து மூக்கை இழுத்தார். மூக்கில் கோடு கோடாக விழுந்தது.

சடையனுக்கு மனசு கேட்கவில்லை. கீரி என்று தெரிந்து சொன்ன பாவம் தன்னுடையது என்று நினைத்தார்போல. ஆட்டுத் தாடி முடி மெத்தென்று இருக்கும், கத்தரித்தால் ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று யோசனை சொன்னார். பக்கத்து வீட்டில் ஒரு கிடா இருந்தது. அது பிடிகொடுக்காமல் தெருவில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, கடைசியில் செவ்வந்தி காட்டிய வாழைப்பழத் தோலுக்கு மயங்கி நின்றது. சடையன் தாடியை நறுக்கினார். முடியை மூங்கில் குச்சியில் வைத்து நூலால் கட்டினார்கள். சாயங்காலம் டீச்சர் சைக்கிளில் வந்து, ஆடு உயிரோடு இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார். ஆடு தாடியில்லாமல் அவரை முறைத்துக்கொண்டிருந்தது.

ஆட்டு முடி மெத்தென்றுதான் இருந்தது. பெயின்டை அள்ளி அழகாகப் பூசியது. பூசிவிட்டு அங்கேயே தங்கியும்விட்டது. மேலுதட்டை முடித்துவிட்டுத் தீனதயாளன் இறங்கி வந்து தூரத்தில் நின்று பார்த்தார். தாரிகாவுக்கு மீசை இருந்தது.

ஒவ்வொரு முடியாக நகத்தால் பிடுங்கினார். ஈரப் பெயின்டில் விரல் பட்ட இடமெல்லாம் நிறம் நகர்ந்தது. மீசை போகும்போது மூக்கு அகலமாகிவிட்டது. மூக்கைக் குறைக்கப் போய் உதடு தடித்துவிட்டது.

சனிக்கிழமை காலை ராஜாங்கம் வந்து பலகையைப் பார்த்தான். பிறகு, தான்தானே ரோட்டை மறித்தது, தன்னால்தானே பிரஷ் வரவில்லை என்று சொல்லிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். மரம் கிடந்த இடமெல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கிக் கடந்து, தியாகதுருகம் வரை போய்விட்டு மத்தியானம் திரும்பினான். மூன்று சலூன்களில் கெஞ்சி வாங்கிய மூன்று ஷேவிங் பிரஷ்கள் அவன் சட்டைப் பையில் இருந்தன.

டீச்சர் ஒன்றை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"பன்னி முடி."

"பன்னியுமாங்க டீச்சர்?" என்றான் ராஜாங்கம்.

"பன்னியும்தான்."

ராஜாங்கம் தியாகதுருகம் வரை மிதித்துத் திரும்பிய களைப்போடு படியில் உட்கார்ந்தான். நாளைக்குக் கூட்டம். பலகையில் கண் இல்லை, புருவம் இல்லை, முடி இல்லை. தீனதயாளன் கையைத் துடைத்துவிட்டு, டீச்சர், என்னால முடியாதுங்க, வேற ஆளப் பாத்துக்குங்க என்று சொல்ல வாயெடுத்தார். வேறு ஆள் விழுப்புரத்தில் இருக்கிறான், விழுப்புரத்துக்கு ரோடு இல்லை என்பது அதற்குள் அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது.

அப்போதுதான் செவ்வந்தி உள்ளேயிருந்து கத்தரிக்கோலோடு வந்தாள். இரண்டு நாளாகப் பட்டறைக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தபடிதான் இருந்தாள்.

"ஆட்டு முடி பாத்தீங்க, பன்னி முடி பாத்தீங்க. என் தலையில இருக்கறது இன்னாவாம்?"

சடையை முன்னால் இழுத்து, நுனியில் நாலு விரல் நீளத்துக்கு அவளே வெட்டிக் கொடுத்தாள். தீனதயாளன் அதை வாங்கிக்கொண்டார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் மனைவியின் முடியைக் கையில் வைத்துப் பார்த்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

அதில் மூன்று பிரஷ் தேறியது. மனுஷ முடி கீரி முடிபோல வளைந்து நிமிராது. வைத்த இடத்தில் விரிந்துகொண்டது. மெல்லிய புருவம் போடப் போனால் அடர்த்தியாக விழுந்தது. கண்ணோரத்தில் கோடு இழுத்தால் அது சுருக்கமாக நின்றது. காதோர முடியில் வெள்ளை கலந்துவிட்டது, அதை எடுக்க வழியில்லை. சாயங்காலம் வெளிச்சம் குறைவதற்குள் முடித்துவிட்டார். முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கீரியை மட்டும் பார்த்தார். வாலுக்கும் மூஞ்சிக்கும் பக்கத்தில் நின்று சடையன் வழிசொல்லியிருந்ததால் கீரி உயிரோடு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நாலு பேர் பலகையைத் தூக்கிக்கொண்டு திடலுக்குப் போனார்கள். வழியெல்லாம் ஆட்கள் நின்று பார்த்தார்கள். பஸ் இல்லாததால் யாருக்கும் போக இடமில்லை. பார்க்க நேரம் நிறைய இருந்தது.

டீக்கடைக்காரர், இது சங்கராபுரத்தில் இருக்கிற தன் சின்னம்மா மாதிரியே இருக்கிறதே என்றார். தபால்காரர், இல்லை, திருக்கோவிலூர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா இருக்கிறார், அவர்தான் என்றார். இன்னொருவர் தன் பெண்ணின் மாமியார் என்று உறுதியாகச் சொன்னார். பலகையில் இருப்பது யாரென்று தெரியாதவர் ஒருத்தர்கூட இல்லை. தாரிகா என்று சொன்னவரும் ஒருத்தர்கூட இல்லை.

செவ்வந்தி எல்லாரையும்விட அதிக நேரம் பார்த்தாள். தன் முடியால் வரைந்தது என்பதால் தன் சாயல் ஏதாவது இருக்குமோ என்று தேடினாள் போலிருக்கிறது.

"நான் இல்ல," என்றாள் கடைசியில். "ஆனா எங்கியோ பாத்த மூஞ்சி."

ராஜாங்கத்துக்கு ஒரு வழி தோன்றியது. எழுத்தில் மாமாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, பேரைப் பெரிதாக எழுதிவிட்டால் சந்தேகமே வராது என்றான். தீனதயாளன் ஏணி போட்டு, இரண்டடி எழுத்தில் தாரிகா என்று எழுதினார். எழுத்து மிகப் பிரமாதமாக வந்தது. அதுவரைக்கும் யாரோ ஒரு பெண்ணின் படம் என்று நினைத்துக் கடந்துபோனவர்கள்கூட இப்போது நின்று, படித்து, நிமிர்ந்து பார்த்து, மறுபடி படித்தார்கள். சிரிப்பு திடலைச் சுற்றி வந்தது. அரிசி மில் கதை மூன்று வருடத்துக்குப் பிறகு மறுபடி கிளம்பியது.

டீச்சர் வந்தார். பலகையின் முன்னால் கைப்பையைப் பிடித்தபடி நின்றார்.

"கீரி நல்லா வந்திருக்கு," என்றார்.

தீனதயாளனுக்கு அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரோடு அடைத்துக் கிடக்கிறது, அந்தம்மா எங்கே வரப்போகிறார் என்பது ஒன்றுதான் அவருடைய நம்பிக்கை. திடலில் அத்தனை பேரும் தாரிகா வந்துவிட வேண்டுமென்று வழியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். மூன்று மணி ஆயிற்று. நாலு ஆயிற்று. கூட்டம் கலையவில்லை, வளர்ந்தது. மேளக்காரர்கள் இரண்டு தடவை டீ குடித்தார்கள்.

நாலரை மணிக்கு ராஜாங்கம் சைக்கிளில் பறந்து வந்தான். வேட்டி மடிப்பெல்லாம் புழுதி.

"மாமா, வந்துக்கினு இருக்காங்க."

தியாகதுருகத்துக்கு அந்தப் பக்கம் பையன்கள் காரை நிறுத்தியிருக்கிறார்கள். யாராக இருந்தாலும் விடுவதில்லை என்று மரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். பின் சீட்டிலிருந்து ஒரு குரல், தம்பிங்களா, ஒரு வாயில்லா ஜீவன் விஷயமா போறேன், நீங்க ரோட்ல உக்காந்து கேக்கறது எனக்கும் புரியுது, வழி விட்டீங்கன்னா போயிட்டு வந்துடுவேன் என்று கேட்டிருக்கிறது. உள்ளே யாரென்று எவனும் எட்டிப் பார்க்கவில்லை. ஆறு பேர் எழுந்து மரத்தைப் புரட்டிவிட்டு, வழியில் கிடக்கும் மற்ற மரங்களையும் புரட்டிக்கொண்டு காருக்கு முன்னால் வருகிறார்கள்.

"அதே கொரலு மாமா. சினிமாக் கொட்டாயில கேப்பமே, அதே கொரலு."

தீனதயாளன் பலகைக்குப் பின்னால் போய்விட்டார். அங்கே ஏணியும் பிரஷ் டப்பாவும் இருந்தன. ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. மேளம் கிளம்பியது. பிறகு, கூட்டத்திலிருந்து வர வேண்டிய ஆரவாரம் வரவில்லை. பலகையின் இடுக்கு வழியாகப் பார்த்தார்.

புழுதி படிந்த அம்பாசிடரிலிருந்து ஒரு பெண் இறங்கியிருந்தார். நாற்பதைத் தாண்டியவர். நூல் சேலை. மாநிறத்துக்கும் ஒருபடி கீழே. காதோரம் நரை. அகலமான மூக்கு, அடர்ந்த புருவம். கூட்டம் அவரைப் பார்த்தது. ஏமாந்துபோய் நிமிர்ந்து பலகையைப் பார்த்தது. மறுபடி அவரைப் பார்த்தது.

டீக்கடைக்காரர்தான் முதலில் வாய் திறந்தார்.

"அச்சு அசலா அதே மூஞ்சி."

அவ்வளவுதான். கைதட்டல் திடலைத் தூக்கிக்கொண்டு போயிற்று. சினிமாவில் பூசுகிற பூச்சில் நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள், நிஜத்தில் இப்படித்தான் இருக்கிறார், தீனா எப்படியோ அதைத் தெரிந்துகொண்டிருக்கிறான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். காலையில் சிரித்தவர்களே பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்கினார்கள். நிறத்தைப் பார், புருவத்தைப் பார், நரையைக்கூட விடவில்லை பார்.

வந்தவர் கைதட்டலைக் கவனிக்கவில்லை. பலகையின் முன் நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு டீச்சரின் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். மேளச் சத்தத்தில் டீச்சருக்குக் கேட்கவில்லை. மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு மாலையைப் போட்டார். வந்தவர் இன்னொரு தடவை சொல்லப் பார்த்தார். இன்னொரு மாலை விழுந்தது. மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றார் அவர்.

அந்தக் குரலைக் கேட்டதும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். சிரிக்கும்போது கொஞ்சம் உடைகிற, அழும்போது இறங்குகிற, ஊரில் எல்லாருக்கும் தெரிந்த குரல்.

"தாரிகா உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லச் சொன்னாங்க."

நட்சத்திரங்கள் தங்களைப் பற்றி இப்படித்தான் பேசுவார்கள் என்று கூட்டம் ரசித்துச் சிரித்தது.

அவர் சிரிக்காமல் பேசினார். தூர தேசத்தில், கூண்டின் மூலையிலேயே பிறந்து அந்த மூலையிலேயே முடிந்துபோகிற நரிகளைப் பற்றிச் சொன்னார். ஒரு கோட்டுக்கு எத்தனை நரி என்று சொன்னபோது முன்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். பிறகு கீரிக்கு வந்தார். ராத்திரியில் கண்ணியில் கால் மாட்டிய கீரி விடியும்வரை அங்கேயேதான் கிடக்கும், ஆள் வருகிறவரை கத்திக்கொண்டிருக்கும், எப்படிக் கத்தும் தெரியுமா என்று கேட்டார். கேட்டுவிட்டு மைக்கை வாயருகே கொண்டுபோய் அப்படியே கத்தினார்.

மெல்லிய, கிழிகிற மாதிரியான ஒரு சத்தம். அது நின்று, மூச்சு வாங்கி, மறுபடி சன்னமாக வந்தது. திடல் அடங்கிவிட்டது. தூரத்தில் கட்டியிருந்த ஒரு நாய் எழுந்து நின்றது. மேளக்காரர் குச்சியைக் கீழே வைத்தார்.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து சடையன் எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அது அப்படித்தான் கத்துங்க," என்றார். "நான் கேட்டிருக்கேன்."

யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். கரியாலூர்க் கரட்டில் என்னுடைய கண்ணிகள் ஆறு இருக்கின்றன. நாலு நாளாகப் பஸ் இல்லாமல் இங்கே கிடக்கிறேன், அதில் இந்நேரம் எது மாட்டியிருக்கிறதோ தெரியவில்லை. இனிமேல் பஸ்ஸுக்குக் காத்திருக்கப் போவதில்லை, நடந்தே போய் அவிழ்த்துவிடுகிறேன் என்றார். சொல்லிவிட்டு உட்காரவில்லை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மலைப்பக்கம் நடந்தே போய்விட்டார். கூட்டம் அவருக்கு வழி விட்டது. ராஜாங்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி, ஏறுங்க பெரியவரே, மலையடி வரைக்கும் கொண்டாந்து வுடறேன் என்று அவரை உட்காரவைத்து மிதித்துக்கொண்டு போனான்.

பலகைக்குப் பின்னால் தீனதயாளனுக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. டப்பாவிலிருந்த பதினோரு பிரஷ்களையும் எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்து மேஜைமேல் வைத்தார். வைத்த பிறகுதான், தான் ஒளிந்துகொண்டிருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் டீச்சர் அவர் கையைப் பிடித்து மைக் பக்கம் இழுத்து, இவர்தான் வரைந்தவர் என்றார்.

"நீங்களா?" என்றார் வந்தவர். "எதைப் பாத்து வரைஞ்சீங்க?"

தீனதயாளனுக்குப் பொய் வரவில்லை. எதைப் பார்த்து என்பதை விட்டுவிட்டு எதால் வரைந்தார் என்பதை, பல் பிரஷ், விரல், கந்தல் துணி, ஆட்டுத் தாடி என்று வரிசையாகச் சொன்னார். மைக் அவர் வாய்க்கு நேராக இருந்ததால் மொத்தத் திடலும் கேட்டது. கடைசியில், புருவமும் கண்ணும் எம் பொஞ்சாதி முடிங்க என்றார். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. செவ்வந்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது தலையைக் குனியவில்லை. வந்தவர் மேடையிலிருந்தே அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

கூட்டம் முடிந்ததும் அரிசி மில்காரர் தீனதயாளனைத் தேடி வந்தார். அப்பாவின் படத்தை இன்னொரு தடவை வரைய முடியுமா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் அப்பா வீட்டில் பனியனோடு இருக்கும்போது அந்தப் பழைய படம் மாதிரியேதான் இருந்தார் என்று சேர்த்துச் சொன்னார்.

கடைசியில், காரில் வந்தவர் தீனதயாளனிடம் ஓர் உதவி கேட்டார். பலகையை எனக்குத் தருவீர்களா, முழுசும் வேண்டாம், அந்த முகம் மட்டும் போதும் என்றார். தீனதயாளன் ரம்பம் கொண்டுவந்து, எழுத்தும் கீரியும் போக முகத்தை மட்டும் சதுரமாக அறுத்தார். நெற்றியில் ஓர் ஆட்டு முடி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் எடுக்கப் போனார். மூக்கைக் கொஞ்சம் சரிபண்ணித் தரட்டுமா, காதோரத்து வெள்ளையை மறைத்துத் தரட்டுமா என்றும் கேட்டார்.

"எதையும் தொடாதீங்க," என்றார் அவர். "இப்படியே இருக்கட்டும்."

பிறகு டீச்சரைத் தனியே அழைத்துக்கொண்டு போய் இரண்டு நிமிடம் பேசினார். இப்போது மேளம் இல்லை. டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, காரின்மேல் ஏறிக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்தார். பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது தூரத்திலிருந்து தீனதயாளனுக்குத் தெரிந்தது. எதற்கென்று தெரியவில்லை.

டிரைவர் பலகையைக் காரின் தலையில் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். தீனதயாளன் மறுபக்கத்தில் கயிற்றை இழுத்துப் பிடித்தார். ஊர் ஊருக்குப் பேனரும் கட்அவுட்டும் இருக்கிற அம்மாவுக்கு இந்தப் பலகை எதற்காம், என்று கேட்டார்.

டிரைவர் முடிச்சை இறுக்கிவிட்டுச் சொன்னார்: "தாரிகாம்மா ரோடு இல்லன்னு உளுந்தூர்பேட்டையிலியே வேற கார்ல திரும்பிப் பூட்டாங்கண்ணே, இவங்க பத்து வருசமா சினிமாவுல அவங்களுக்குக் கொரல் குடுக்கற கமலாம்மா, இவங்க மூஞ்சிய வரைஞ்ச மொத ஆளு நீங்கதான்."